கப்பி ரோடும் ரோட்டு மாமாவும்

போன சித்திரையில் அத்தை பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் திரும்பும் முக்கில், புது மதகு கட்டுவதற்காக ஜேசிபி வைத்துச் சாலையைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். இடுப்பளவு பள்ளம். தூசி அடங்கட்டும் என்று டேங்கர் லாரிக்காரர் தண்ணீரைப் பீய்ச்சியதும், சூடேறிக் கிடந்த கிராவலில் இருந்து ஒரு வாசனை கிளம்பியது. மண்வாசனைதான். ஆனால் அதில் கல்லின் வாடையும் கொஞ்சம் கலந்திருக்கும். எத்தனையோ வருஷமாக மூக்குக்கு எட்டாத அந்த வாசனை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் குந்தினேன்.

வெட்டுவாயில் சாலையின் வயது முழுவதும் தெரிந்தது. மேலே தார். அதற்குக் கீழேயும் தார், அதற்கும் கீழே இன்னொரு தார். தாருக்கு அடியில் ஒரு பட்டை நீல ஜல்லி. அதன் கீழே சிவப்புக் கிராவலில் புதைந்து இறுகிப் போன பெரிய கருங்கல் கப்பி. இன்னும் கீழே செங்கல் சல்லி, ஒரு சாண் ஆற்று மணல், கடைசியில் எங்கள் ஊரின் கறுத்த களிமண். கடப்பாரையால் குத்திய இடங்களில் தார் கட்டி கட்டியாகப் பெயர்ந்து கிடந்தது. கப்பி மட்டும் இடம் விட்டு அசையாமல் நின்றது.

அந்தக் கப்பியை விரித்தவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் கோரையாற்றங்கரையில் இருக்கிறது. மன்னார்குடிக்குத் தெற்கே போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே வரும். எறிவதற்கு ஒரு கல் தேடினால் கிடைக்காத சீமை. பள்ளிக்கூடத்தில் மலையைப் பற்றிப் பாடம் வந்தபோது, எங்களில் பாதிப் பேர் மலையைப் பார்த்ததே கிடையாது. அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து வந்தவை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்துதான் கல் வந்தது என்று வாத்தியார் சொல்வார். எங்கள் ரோட்டுக்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. கல்லின் விலையைவிட ஏற்றி இறக்கும் கூலி அதிகம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். ஆகவே எங்கள் ஊரில் ரோட்டுக் கல்லுக்கு ஒரு மரியாதை இருந்தது. வண்டிச் சக்கரம் பட்டு ஒரு கல் வயலுக்குள் தெறித்துவிட்டால், பார்த்தவர் அதை எடுத்துப் பழையபடி ரோட்டு ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் போவார்.

கல் இல்லாதது ஒரு குறை என்றால், களிமண் அதைவிடப் பெரிய குறை. கோடையில் அது கால் நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளக்கும். மழையில் ஊறி உப்பும். இரண்டு பக்கமும் நெல்வயல். புரட்டாசியிலிருந்து தை வரைக்கும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். இந்த மண்ணில் நேரே கல்லைப் பரப்பினால், ஒரே மழைக்காலத்தில் கல் கீழே இறங்கும், சேறு மேலே ஏறும். "களி கல்லை முழுங்கிரும்" என்பார்கள். அதனால்தான் முதலில் மணல், அதன்மேல் சூளையில் அதிகம் வெந்து கறுத்த செங்கல்லை உடைத்த சல்லி, பிறகுதான் கருங்கல். கீழே மணல் இருந்தால் களி மேலே ஏற வழியில்லை; ஊறிய தண்ணீரும் அதன் வழியாக ஓரத்துக்கு வடிந்துவிடும்.

ரோட்டு வேலைக்கு என்று எங்கள் பக்கத்தில் ஒரு பருவம் இருந்தது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள், ஜனவரி 28-ல் மூடுவார்கள். ஆற்றில் தண்ணீர் வரும் காலமெல்லாம் ரோட்டில் கை வைக்க முடியாது. தை, மாசியில் அறுவடை. நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் ராப்பகலாக ஓடி ரோட்டைப் பெயர்த்துப் போட்டுவிடும். பங்குனி பிறந்ததும் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும், வண்டிகள் ஓய்ந்திருக்கும். அப்போது ஆரம்பித்தால் வைகாசிக் கடைசிக்குள் முடித்தாக வேண்டும். நாற்றங்காலுக்கு ஒரு தேதி போல ரோட்டுக்கும் ஒரு தேதி இருந்தது.

கல் வந்து இறங்குவதுதான் எங்களுக்கு முதல் அறிகுறி. பெரிய பெரிய சக்கைக் கல்லாக லாரியில் வரும். அதன் பின்னாலேயே கல்லுடைக்கும் குடும்பங்கள் மேட்டுப் பக்கத்திலிருந்து வந்து, ரோட்டோரப் புளிய மரத்தடியில் தட்டி கட்டிக் குடியேறிவிடுவார்கள். புருஷன் சம்மட்டியால் சக்கைக் கல்லைப் பிளப்பார். பெண்டாட்டி சிறு சுத்தியலால் அதை ஜல்லியாக்குவார். சுத்தியலின் காம்பு மூங்கில் சிம்பு. கை ஓங்கும்போது அது லேசாக வளைந்து கொடுக்கும், அதனால் அடி கைக்கு அதிராது. விரல்களில் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருப்பார்கள். பக்கத்தில் சேலைத் தூளியில் குழந்தை தூங்கும். அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "அந்தச் சத்தம் நின்னாதான் முழிச்சுக்கும்" என்றாள் அம்மா. மத்தியானத்தில் ஒரு தூக்குவாளி நிறைய மோர் கொடுத்து அனுப்புவாள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில், நானும் என் தங்கையும் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம்.

உடைத்த ஜல்லியை ரோட்டின் ஓரத்தில், தலைப்பக்கம் குறுகி அடிப்பக்கம் அகன்ற கும்பிகளாக வரிசையாக அடுக்கி வைப்பார்கள். எல்லாக் கும்பியும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே உயரம். ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்து 'எம் புக்' என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அளந்த கும்பியின்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துவிடுவார்கள். அப்புறம் அதிலிருந்து ஒரு கல்லை எடுத்தாலும் வெள்ளைக்கு நடுவே கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். தை மாசத்துக் கோலம் அழிந்த தெருவில், சுண்ணாம்பு தெளித்த கும்பிகள் ஊர் எல்லை வரை நிற்பது அந்த வயதில் எனக்குத் திருவிழா ஏற்பாடு மாதிரி இருக்கும்.

இந்த வேலை முழுவதையும் பார்த்துக்கொண்டவர் ரோட்டு மாமா. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் மேஸ்திரி, எங்களுக்கு ரோட்டு மாமா. நெடுஞ்சாலைத் துறையின் கேங்கில் கூலியாகச் சேர்ந்து மேஸ்திரியானவர். எங்கள் ஊர் மதகிலிருந்து அடுத்த ஊர் அய்யனார் கோயில் வரைக்கும் அவர் பொறுப்பு. காக்கி அரைக்கால் சட்டை, தலையில் முண்டாசு, தோளில் மண்வெட்டி. இடுப்புக் கயிற்றில் ஓர் இரும்பு வளையம் தொங்கும். அந்த வளையத்தை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு அங்குல விட்டம், சுண்டுவிரல் கனம், உள்பக்கம் தேய்ந்து தேய்ந்து வெள்ளி மாதிரிப் பளபளக்கும். கும்பிக்குப் பக்கத்தில் குந்தி, மேலிருந்து ஒரு கல், நடுவிலிருந்து ஒரு கல், அடியிலிருந்து ஒரு கல் என்று உருவி எடுத்து அந்த வளையத்துக்குள் விடுவார். எப்படித் திருப்பினாலும் நுழையாத கல் திரும்பவும் சுத்தியலுக்குப் போகும். கோபமே வராது அவருக்கு. "இன்னும் ஒரு தட்டு தட்டிரும்மா, இது ரோட்டுல நிக்காது" என்று கல்லைக் கையில் கொடுப்பார்.

"பெரிய கல்லுதானே மாமா பலம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல தம்பி. பெரிய கல்லு மேல சக்கரம் ஏறுனா அது ஒரு பக்கம் தூக்கிக்கும். அப்பறம் உருண்டு வெளிய வந்துரும். சின்னதா, மொனை மொனையா இருந்தாதான் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும்" என்று சொல்லி இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துக் காட்டினார். ரொம்ப நாளைக்குப் பிறகு, வேலைக்குப் போன ஊரின் நூலகத்தில் ஜான் லௌடன் மக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிப் படித்தேன். 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளைப் பொறுப்பேற்றவர். மேல்பரப்புக்குப் பெரிய பாறாங்கல் வேண்டாம், ஆறு அவுன்சுக்கு மேல் எடையில்லாத முனையுள்ள சின்னக் கல்லே போதும், அது தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொன்னவர். அடியில் இருக்கும் மண்தான் உண்மையில் பாரம் தாங்குகிறது, அதை ஈரம் இல்லாமல் காப்பதே சாலையின் வேலை என்பதும் அவர் கண்டதுதான். படிக்கும்போது கோரையாற்றங்கரையில் விரல் கோத்துக் காட்டிய கைதான் என் கண்முன் வந்தது. இருநூறு வருஷத்து அறிவு எத்தனையோ கைமாறி எங்கள் ஊர் மேஸ்திரியின் இடுப்புக் கயிறு வரை வந்து சேர்ந்திருந்தது.

கும்பிகள் தயாரானதும் ரோடு இஞ்சின் வரும். இரண்டு ஊருக்கு அப்பால் வரும்போதே சத்தம் கேட்டுவிடும். மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் போகாத வண்டி. டவுனில் காலையில் புறப்பட்டால் எங்கள் ஊருக்கு வர விளக்கு வைத்துவிடும். எங்கள் அப்பா காலத்தில் நிலக்கரியும் விறகும் போட்டு ஓட்டும் நீராவி இஞ்சின் வந்ததாம். நான் பார்த்தது டீசல் உருளை. நெற்றியில் கல்கத்தா ஜெசப் கம்பெனியின் பெயர் வார்ப்பெழுத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொண்ட புதிதில், நான் வாய்விட்டுப் படித்த பெயர்களில் அதுவும் ஒன்று.

டிரைவர் அண்ணனும் கிளீனரும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுப்பார்கள். அந்தக் காலத்துத் திண்ணைக்கு வேலையே அதுதான். யார் என்ன என்று கேட்காமல் பாயும் சொம்புத் தண்ணீரும் வைத்துவிடுவார்கள். ராத்திரியில் உருளையின் முன்னாலும் பின்னாலும் சிவப்புக் கண்ணாடி போட்ட அரிக்கேன் விளக்கு எரியும். காலையில் வேலை தொடங்குமுன் உருளைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். உருளை அதன்மேல் ஏறியதும் நாங்கள் கை தட்டுவோம்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் ஒரு முறைப்படிதான் நடக்கும். முதலில் பழைய ரோட்டைப் பிக்காசால் இரண்டு மூன்று அங்குலம் கொத்துவார்கள். வழவழப்பாக இருக்கும் பழைய பரப்பின்மேல் புதுக் கல் பிடிக்காது. கொத்தினால்தான் கீழ்க்கல்லும் மேல்கல்லும் கலக்கும். கொத்தி எடுத்த கல்லைச் சலித்து, நல்லதை வைத்துக்கொண்டு மண்ணை ஓரத்துக்குத் தள்ளுவார்கள். அந்த மண்ணையே இரண்டு ஓரத்திலும் அணையாகக் கட்டுவார்கள். அணை இல்லாவிட்டால், உருளை ஏறும்போது கல் வெளியே பிதுங்கிவிடும். பிறகு நூல் பிடித்து முளை அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக நின்று பாண்டுச் சட்டியில் ஜல்லியை வாங்கி வாங்கிக் கொட்ட, ஆண்கள் முள்வாரியால் இழுத்துப் பரப்புவார்கள். நாலு அங்குலம் பரப்பினால் அழுந்திய பிறகு மூன்று அங்குலம் நிற்கும். ரோட்டு மாமா, அடிப்பக்கம் வளைவாக இழைத்த மரப்பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே வருவார். பன்னிரண்டு அடி ரோட்டுக்கு நடு முதுகு ஓரத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் ஓடும். பலகைக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கே இன்னும் ஒரு சட்டி கல் விழும்.

உருளை ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். ஓர் ஓரத்தில் போய்த் திரும்பி, மறு ஓரத்தில் போய்த் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வரும். நடுவிலிருந்து தொடங்கினால் முதுகு சப்பையாகிவிடும் என்பார் டிரைவர் அண்ணன். முதலில் கல் கடகடவென்று புரளும். பத்து நடைக்குப் பிறகு சத்தம் மாறி, நறநறவென்று பல்லைக் கடிக்கிற ஒலி வரும். ரோட்டு மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதன்மேல் நடந்து பார்ப்பார். காலடியில் ஒரு கல்கூட அசையக்கூடாது. அதன்பிறகு பொடி ஜல்லியைத் தூவி, தென்னை விளக்குமாற்றால் இடுக்குகளுக்குள் தள்ளுவார்கள். பிறகு தண்ணீர். வாய்க்கால் வறண்ட காலம் என்பதால் குளத்திலிருந்து பீப்பாய் வண்டியில்தான் வரும். தண்ணீர் ஊற்றி, செம்மண் கிராவலைத் தூவி, மறுபடி தண்ணீர், மறுபடி விளக்குமாறு, மறுபடி உருளை. கிராவல் குழம்பாகி இடுக்கெல்லாம் இறங்கி, உருளைக்கு முன்னால் சிவப்பு அலையாக ஓடும். அந்த அலை எழும்பினால் உள்ளே இடுக்கு நிரம்பிவிட்டது என்று கணக்கு. அப்போது கிளம்பும் வாசனைதான் போன சித்திரையில் என்னைப் பிடித்து நிறுத்தியது.

ராத்திரி முழுக்க அப்படியே ஊறவிட்டு, காலையில் மேலே மெல்லிசாக மணல் தூவிக் கடைசி நடை ஓட்டுவார்கள். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் அந்த ரோட்டுக்கு வண்டி ஏறக்கூடாது. ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். கருவை முள்ளை வெட்டி இரண்டு முனையிலும் போட்டிருப்பார்கள். வண்டிக்காரர்களுக்கும் ரோட்டு மாமாவுக்கும் இந்த ஒரு வாரம்தான் வாக்குவாதம் நடக்கும். வயல் வழியாகச் சுற்றிப் போக வேண்டுமே என்று அலுத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பாவுக்கும் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. அவசரமாக மில்லுக்குப் போக வேண்டிய ஒருநாள், "மேஸ்திரி, ஒரு தடவைதான், ஓரமா ஓட்டிட்டுப் போயிடறேன்" என்றார்.

"அய்யா, நீங்க ஒரு தடவ போவீங்க. ஒங்க தடத்தப் புடிச்சு பின்னால ஊரே போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் ரோட்டு மாமா. அப்பா ஒன்றும் பேசாமல் மாட்டைத் திருப்பினார்.

முள்ளை எடுத்த பிறகும் அவர் வேலை முடியாது. புது ரோட்டில் பெரிய கற்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்துவிடுவார். வண்டிகள் கல்லுக்கு வளைந்து வளைந்து போக வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை கல்லை இடம் மாற்றுவார். எல்லாச் சக்கரமும் ஒரே தடத்தில் ஓடினால் அந்தத் தடம் குழிந்துவிடும். பரவலாக ஓடினால் சக்கரங்களே ரோட்டை இன்னும் இறுக்கிக்கொடுக்கும். மக்காடத்தின் முறையில் உருளை கிடையாது. போகிற வருகிற வண்டிகளே கல்லை இறுக்கின. ரோட்டு மாமா உருளைக்குப் பிறகும் அந்தப் பழைய வழியை விடாமல் வைத்திருந்தார்.

கப்பி போடுவது வருஷா வருஷம் நடக்காது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் அந்த ரோட்டைக் காப்பாற்றியது ரோட்டு மாமாவின் அன்றாட வேலை. காலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவார். உள்ளங்கை அகலக் குழி கண்ணில் பட்டால் நின்றுவிடுவார். குழியைச் சதுரமாக வெட்டி, உள்ளே இருக்கும் தூளை வழித்து எடுத்து, தண்ணீர் தெளித்து, கல்லை ஒவ்வொன்றாக முனை பார்த்து நிறுத்தி, இடுக்கில் பொடியும் கிராவலும் போட்டு, திமிசுக் கட்டையால் இடிப்பார். ஒரு குழிக்கு அரைமணி நேரம் ஆகும். இவ்வளவு சின்னக் குழிக்கு ஏன் என்று யாராவது கேட்டால், "கூரைல ஒரு கீத்து நழுவுனா அன்னைக்கே சொருவணும். மழ வந்தப்பறம் சொருவ முடியுமா?" என்பார். ஐப்பசிக்கு முன்னால் ஓரத்துப் புல்லைச் செதுக்கி, ரோட்டிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் இறங்க மண்வெட்டி அகலத்தில் வாய் வெட்டிவிடுவார். பேய்மழையில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும்போது, சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அவர் மட்டும் ரோட்டில் நிற்பார். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று மழை பெய்யும்போதுதான் பார்க்க முடியும்.

1977 நவம்பர்ப் புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நாகப்பட்டினம் கரையில் ஏறி, எங்கள் ஊர்த் தென்னையையும் புளியையும் அடியோடு சாய்த்துப் போட்டது. ரோட்டுக்குக் குறுக்கே விழுந்த மரங்களை ஊராரே வெட்டி அப்புறப்படுத்தினார்கள். வேரோடு சாய்ந்த மரங்கள் ரோட்டின் ஓரத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தன. அந்தக் காலத்தில்தான் 'வேலைக்கு உணவு' என்று மத்திய அரசின் திட்டம் வந்தது. கூலியில் ஒரு பங்கைத் தானியமாகக் கொடுப்பார்கள். நெல் விளையும் ஊரில் பெண்கள் கோதுமையை மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அதை என்ன செய்வது என்று அம்மாவிடம் வந்து கேட்டவர்களும் உண்டு. ஊற வைத்து, இடித்து, கஞ்சி காய்ச்சினார்கள். அன்று உடைந்த ரோட்டை மண் போட்டு மேடாக்கிய கைகள் எல்லாம் எங்கள் ஊர்க் கைகள். அதனால்தானோ என்னவோ, அந்த ரோட்டைப் பற்றிப் பேசும்போது கிழவிகள் இன்றும் "நாங்க போட்ட ரோடு" என்கிறார்கள்.

கப்பி ரோடு தோற்றது வண்டிகளிடம் அல்ல, பஸ்களிடம். டவுன் பஸ் எங்கள் ஊருக்கு வந்த அன்று வாழைமரம் கட்டி, மாலை போட்டு வரவேற்றோம். ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் போக அதுதான் வழி. ஆனால் அந்த வருஷமே ரோடு பல்லை இளித்துவிட்டது. கட்டை வண்டியின் இரும்புப் பட்டை கல்லை அரைத்துத் தூளாக்கும். அந்தத் தூள் அங்கேயே விழும், அடுத்த மழையில் இடுக்கில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் டயர் வேகமாக ஓடும்போது இடுக்கில் இருக்கும் தூளை உறிஞ்சி வெளியே எறிந்துவிடுகிறது. பஸ் போன பின்னால் எழும்பும் புழுதியெல்லாம் ரோட்டைக் கட்டிப் பிடித்திருந்த கிராவல்தான். வேப்பமரம், கூரை, காயப்போட்ட துணி எல்லாவற்றிலும் அது சிவப்பாகப் படிந்தது. கல் தனியாக நின்று, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டது. ரோட்டு மாமா அந்த வருஷம் காலையிலும் மாலையிலும் குழி அடைத்தும் கட்டுப்படியாகவில்லை. "இனிமே தாரு போடாம முடியாது தம்பி" என்று அவரே சொன்னார். அடுத்த கோடையில் தார் டின்களும் விறகடுப்பும் வந்து இறங்கின. கப்பியைப் பெருக்கிச் சுத்தம் செய்து, அதன்மேல் தாரைத் தெளித்து, பொடி ஜல்லியைத் தூவி உருட்டினார்கள். கப்பி கண்ணிலிருந்து மறைந்தது. பாரம் மட்டும் இன்றுவரை அதன் தலையில்தான்.

தார் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பிரசவ வலியோடு கட்டை வண்டியில் போன பெண்களைப் பார்த்தவன் நான். 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்கெல்லாம் எல்லாக் காலத்துக்கும் ஏற்ற சாலை என்று எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் கால்நடையாக மட்டுமே போன எத்தனையோ ஊருக்கு ஆம்புலன்ஸ் போக வழி வந்தது. அந்தத் திட்டத்தில் ரோடு போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து வருஷம் அதைப் பராமரிக்க வேண்டும் என்ற விதி இருப்பதும் நல்லதுதான்.

என் கவலையெல்லாம் அந்த ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன என்பதே. ரோட்டு மாமா ஓய்வு பெற்றதும் அவர் மண்வெட்டியை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. மாநிலத்தில் 1997-ல் வேலைக்கு எடுத்த சாலைப் பணியாளர்கள் சுமார் 10,000 பேர் 2002-ல் நீக்கப்பட்டு, 2006-ல்தான் திரும்ப வேலைக்கு வந்தார்கள். அந்த இடைவெளியில் ஓடைகள் தூர்ந்தன, ஓரத்து மண் ரோட்டைவிட மேடாகிவிட்டது. மேடான ஓரம் தண்ணீரை ரோட்டிலேயே தேக்கியது. தேங்கிய தண்ணீர் தாரைப் பெயர்த்தது. பெயர்ந்த ரோட்டுக்கு மேலேயே மறுபடி தார் போட்டார்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் ரோடு உயர்ந்துகொண்டே போனது. அப்பா கட்டிய எங்கள் வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போவோம். இன்று ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. டிரைவர் அண்ணன் படுத்திருந்த திண்ணை ரோட்டு மட்டத்துக்கு வந்துவிட்டதால், மழைத்தண்ணீர் புகாமல் இருக்க அதைச் சிமென்ட் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ரோட்டு மாமா பிக்காசால் செய்ததும் அதைத்தான். பழையதைக் கொத்து, கிடைத்த கல்லைச் சலித்து எடு, மட்டம் மாறாமல் புதியதைச் சேர்.

காதுகுத்து முடிந்து திரும்பும்போது மதகுப் பள்ளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்தக்காரரின் இளம் இன்ஜினியர் தம்பியிடம் பேசினேன். கீழே தெரியும் கப்பியைக் காட்டி, "இது இன்னும் நல்லா இருக்கு சார், இதுக்கு மேலேயே போட்டுக்கலாம்" என்றார். மணல் அடுக்கைக் காட்டி அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கேட்கத் தெரிந்த பிள்ளை, நல்ல ரோடு போடுவார்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். ரோட்டைப் போடுவது ஒரு பருவத்து வேலை, காப்பது தினசரி வேலை. முதல் வேலைக்கு இயந்திரம், பணம், திட்டம் எல்லாம் வந்துவிட்டன. இரண்டாவது வேலைக்கு மண்வெட்டியோடு ஓர் ஆள் வேண்டும், அவருக்கு அந்த ரோடு தன்னுடையது என்ற நினைப்பு வேண்டும். குழி உள்ளங்கை அகலத்தில் இருக்கும்போது அடைத்தால் ஒரு சட்டிக் கல் போதும். ஐப்பசிக்கு முன் ஓடையைத் திறந்துவிட்டால் அந்த வருஷத் தார் தப்பும்.

வருஷத்தில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மே 1-ல் கூடும் சபை சரியாகப் பழைய ரோட்டு வேலைப் பருவத்தில் வருகிறது. அன்றைக்குப் போங்கள். புது ரோடு கேளுங்கள், தப்பில்லை. அதே மூச்சில், இருக்கிற ரோட்டின் ஓடையைத் தூர்வார யார் பொறுப்பு, குழி விழுந்தால் யாரிடம் சொல்வது, பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் போடுவார்களா என்ற மூன்று கேள்வியையும் கேட்டு, பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.